வேஸ்ட் ஆயிலை மண்ணில் ஊற்றலாமா?



நம்ம பொதட்டூர்பேட்டை தறி ஊர். தறி ஓடணும்னா ஆயில் வேணும். இரும்போடு தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு பிடிக்கும். துருவையும் தேய்மானத்தையும் குறைக்க ஆயிலில் சில ரசாயனங்கள் கலக்கிறார்கள். அவை இரும்பின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். மணலியில் இந்த ரசாயனம் தயாரிக்கவே ஒரு தொழிற்சாலை இருக்கு.

ஆனால் ஆயில் பழசானால் அந்தச் சக்தி குறைந்துவிடும். அமிலமும் உலோகத் தூளும் சேர்ந்துவிடும். அந்த வேஸ்ட் ஆயிலைத்தான் துரு பிடிக்காதுன்னு இரும்புக் கேட்டில் பூசுறாங்க. மீதியைச் சாக்கடையில் ஊத்துறாங்க. இது தப்பு என்பது என் கருத்து. வெறுங்கையில் பட்டால் தோலுக்குக் கெடுதல். மண்ணில் இறங்கினால் கிணற்றுத் தண்ணீர் கெடும்.

மத்திய அரசின் 2016 விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. ஆனால் சுத்திகரித்தால் மறுபடியும் நல்ல ஆயிலாகும்! எனவே பைக் கடையிலும் தறிக்கூடத்திலும் மூடி போட்ட டின்னில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுக்க அனுமதி உள்ளவர்களிடம் கொடுக்கணும். வீட்டில் அப்பா, அண்ணனிடம் நாமே சொல்லலாம்.

இரும்பைக் காப்பாத்த மண்ணைக் கெடுக்கலாமா? சிந்திப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி