காத்திருப்பது குற்றமா?

நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவருக்குக் கலிபோர்னியாவில் குடியேறிய மகள் ஒருத்தி உண்டு. ஞாயிறுதோறும் அவர்களுக்குக் காலையும் நமக்கு இரவுமாக இருக்கும் வேளையில் தந்தையைத் தொலைபேசியில் அழைப்பாள். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று அவள் எடுத்துக்கொண்ட செய்தி ஒரு கடையைப் பற்றியது. குடியிருப்பிலிருந்து நடந்து போகும் தொலைவில், நெடுநாள் பூட்டிக் கிடந்த ஓர் இடத்தின் கண்ணாடியில் மஞ்சள் தாள் ஒட்டி, வெண்தாடிக் கிழவர் ஒருவரின் படத்தைப் போட்டு, 'விரைவில்' என்று எழுதியிருக்கிறார்களாம். ஜப்பானியக் கிரீம் பஃப் கடையாம். பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போதெல்லாம் தாளின் இடுக்கு வழியே உள்ளே எட்டிப் பார்க்கிறார்களாம். அடுப்பு வந்துவிட்டது, பெயர்ப் பலகைக்கு இன்னும் விளக்குப் போடவில்லை என்பது வரை அவர்களுக்குத் தெரியுமாம்.

பெரியவர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஏம்மா, ஒரு கிரீம் பன்னுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நாக்கை அடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு" என்றார். "சரிப்பா" என்றாள் மகள். அதன்பின் எந்த ஞாயிறும் அழைப்பு தவறவில்லை. ஆனால் அங்கே குளிரா, வாடகை ஏறிவிட்டதா, அம்மாவின் மூட்டுவலி எப்படி, பூசைக்குப் போனீர்களா என்ற அளவிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது.

தம் கண்டிப்பை நாம் பாராட்டுவோம் என்று எண்ணியே பெரியவர் இதை நம்மிடம் சொன்னார். நாம் பாராட்டவில்லை. அவர் செய்தது தவறு என்று அன்றே அவரிடம் சொன்னோம். அவரைப் போல் எண்ணுவோர் நம்மிடையே பலர் என்பதால் இங்கும் சொல்கிறோம்.

பழிப்பதற்கு முன் அந்தப் பண்டம் இன்னதென்று தெரிந்துகொள்வது நேர்மை. அது நம் பேக்கரிகளில் விற்கும் கிரீம் பன்னும் அல்ல, முட்டை பஃப்ஸும் அல்ல. தண்ணீரையும் வெண்ணெயையும் கொதிக்கவைத்து, கோதுமை மாவை ஒரே வீச்சில் கொட்டி, அடுப்பின் மேலேயே கிளறி, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்போது இறக்கிச் சற்றே ஆறவிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்ப்பார்கள். ஈஸ்டு இல்லை, சோடா இல்லை. சூடான அடுப்பினுள் மாவிலுள்ள நீரே ஆவியாகி மாவை ஊதிப் பெரிதாக்குகிறது. முட்டை இறுகி அந்த வடிவத்தைத் தாங்கிக் கொள்கிறது. பொறுமையிழந்து அடுப்பின் கதவை முன்னதாகத் திறந்தால் ஊதியது அமுங்கிவிடும். உள்ளே உண்டாகும் வெற்றிடத்தில், பாலும் மஞ்சள் கருவும் சருக்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்டை நிரப்புவார்கள். அந்தக் கூட்டுக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர் 'ஷூ'. முட்டைக்கோஸ் என்று பொருள். உருவத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஜப்பானியர் அதை 'ஷூ கிரீம்' என்று ஆக்கிக்கொண்டார்கள். ஆங்கிலம் அறிந்தவர் காதில் அது காலணிக்குப் பூசும் மெருகு என்று விழுவது அந்நாட்டில் பழைய வேடிக்கை.

மகள் சொன்ன கடையின் பெயர் 'பியர்ட் பாப்பா', அதாவது தாடி வைத்த அப்பா. 1999-இல் ஜப்பானில் தொடங்கி, 2004-இல் நியூயார்க்கில் அமெரிக்க மண்ணுக்கு வந்த தொடர்கடை. முட்டைக்கோஸ் மாவின் மேல் மெல்லிய இன்னொரு மாவைப் போர்த்திச் சுடுவதால் மேற்பக்கம் மொறுமொறுப்பாகவும் உட்பக்கம் மென்மையாகவும் இருக்கும். வெறும் கூடுகளையே அடுக்கி வைத்திருப்பார்கள். கேட்டவர் முன்னிலையில்தான் கிரீமை நிரப்பிக் கொடுப்பார்கள். காரணம் எளிது. நிரப்பிய கணத்திலிருந்து கிரீமின் ஈரம் கூட்டுக்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் மொறுமொறுப்புப் போய்விடும். வாங்கிச் சேமிக்க முடியாது. வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கிக் குளிர்பெட்டியில் அடைக்க முடியாது. கைப்பேசியைத் தட்டினால் எதுவும் வாசலுக்கு வந்துவிடும் இக்காலத்தில் இதுவும் வரத்தான் செய்யும். ஆனால் வந்து சேரும்போது அது வேறொரு பண்டமாகியிருக்கும். உண்ண விரும்புவோர் நடந்து போய், வரிசையில் நின்று, அங்கேயே உண்பதே முறை.

இதைப் போசனப்பிரியம் என்றார் பெரியவர். ஏழு தலையான பாவங்களில் ஒன்றின் பெயரை எடுத்தபின் நாமும் அதை அதற்குரிய இடத்தில் வைத்தே பார்க்க வேண்டியதாயிற்று. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையான பெரிய கிரகோரியார், யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில் இந்தப் பாவம் நம்மை எவ்வெவ்வழிகளில் சோதிக்கிறது என்று ஐந்து வகைகளைச் சொல்கிறார். புனித தோமா அக்குவினாஸ் அவற்றை எடுத்தாள்கிறார். உரிய நேரத்துக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, பக்குவத்தில் அளவுமீறி நுணுக்கம் பார்ப்பது, மிகுதியாக உண்பது, பேராவலோடு விழுங்குவது என்பன அவை. முதலில் நிற்பது எது என்று பாருங்கள்: காத்திராமை. தந்தை விதித்த நேரத்துக்கு முன் தேனைச் சுவைத்த யோனத்தானை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார் கிரகோரியார். அவர் சொல்லும் இன்னொன்று நம் வீடுகளில் அடிக்கடி நினைவுகூரத் தக்கது. எலியா இறைச்சி உண்டும் குற்றமற்றிருந்தார். ஏசாவோ வெறும் பயற்றங்கூழுக்குத் தன் தலைமகன் உரிமையை விற்றான். குற்றம் பண்டத்தில் இல்லை.

அப்படியிருக்க, ஒரு பண்டத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் குழந்தைகளைப் போசனப்பிரியர் என்பது எந்த நியாயம்? பேராவல் என்ற ஐந்தாம் வகையில் அவர்களைச் சேர்க்கலாம் என்று பெரியவர் வாதிட்டார். சேர்க்கலாம்தான், கடை திறந்த அன்று ஆளுக்கு ஆறு வாங்கி விழுங்கியிருந்தால். திறவாத கடையின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றவர்கள் இதுவரை உண்டது ஒன்றுமில்லை. திருவருகைக் காலத்தில் வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கூட்டி ஏற்றும் நாம், காத்திருப்பதைக் கண்டு எரிச்சல் கொள்ளும் கடைசி மனிதர்களாக இருக்க வேண்டாமா?

வாதம் இவ்விடத்தில் திசை மாறிற்று. "ஜப்பான்காரன் பண்டம், அமெரிக்காவில் கடை. நம் பிள்ளைகளுக்கு நம் பலகாரம் மறந்தே போகும்" என்றார் பெரியவர். இதைச் சொல்லும்போது நமக்கு முன்னிருந்த தட்டில் அவர் அன்போடு வைத்திருந்தது என்ன தெரியுமா? தூத்துக்குடி மக்ரூன்! முட்டையின் வெள்ளைக் கருவும் சருக்கரையும் முந்திரியும் சேர்ந்த அந்தப் பண்டம் போர்த்துக்கீசியர் வழி நம் கரைக்கு வந்தது என்பதுதான் நாம் வழிவழியாகக் கேட்டு வருவது. முந்திரியையே அவர்கள்தாம் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நம் முத்துக்குளித்துறையில் 1542 முதல் உழைத்த புனித சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவருக்குப் பின் சென்ற குருக்களில் ஒருவரான லூயிஸ் ஃபுரோய்ஸ், 1569-இல் ஓதா நொபுநாகா என்னும் பெரும் படைத்தலைவரைக் காணச் சென்றபோது கண்ணாடிக் குப்பியில் சருக்கரை மிட்டாய் கொண்டு போனார். போர்த்துக்கீசியர் 'கொன்ஃபெய்த்து' என்ற அந்த மிட்டாய் இன்றும் ஜப்பானில் 'கொம்பெய்தோ' என்ற பெயரில் விற்கிறது. ரொட்டிக்கு அவர்கள் வழங்கும் 'பான்' என்ற சொல்லும், ஈழத்துத் தமிழர் வழங்கும் 'பாண்' என்ற சொல்லும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் பிள்ளைகள்.

1614-இல் ஜப்பான் முழுவதும் நம் மறை தடை செய்யப்பட்டது. 1639-இல் போர்த்துக்கீசியக் கப்பல்களும் தடுக்கப்பட்டன. குருக்கள் போனார்கள், கோயில்கள் போயின, விசுவாசிகள் மறைந்து வாழ்ந்தார்கள். முட்டையும் சருக்கரையும் மாவும் கொண்டு சுடும் 'கஸ்தெல்லா' என்ற அப்பம் மட்டும் நாகசாகியில் வெளிப்படையாகவே நின்றது. 1624-இல் தொடங்கிய அப்பக்கடை ஒன்று அங்கே இன்றும் நடக்கிறது. பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் துறைமுகங்கள் மீண்டும் திறந்தபோது ஐரோப்பிய இனிப்புகள் யோகோஹாமா வழியாக உள்ளே வந்தன. கிரீம் பஃப் அந்த இரண்டாம் அலையைச் சேர்ந்தது. பிரான்சில் பிறந்து ஜப்பானில் வளர்ந்து கலிபோர்னியாவில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் கைக்கு வரும் பண்டத்தை அந்நியம் என்று தள்ளுவோமானால், நம் தட்டிலிருக்கும் மக்ரூனை என்ன செய்வது? பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் விட்டுக் கொடுக்கவில்லை.

அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. அந்தத் தாடி அப்பா யாருக்கும் அப்பா அல்லர். அவர் ஒரு வணிகச் சின்னம். கடையை நடத்தும் நிறுவனத்தின் பெயர் ஜப்பானிய மொழியில் கோதுமைக் கதிர் என்று பொருள்படும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அந்த நிறுவனத்தை 2013-இல், சோற்றில் தேநீர் ஊற்றி உண்பதற்கான தூள்களை விற்றுப் பெயர் பெற்ற நாகதானியென் என்னும் பெருநிறுவனம் வாங்கிவிட்டது. கண்ணாடியில் ஒட்டும் தாளும் 'விரைவில்' என்ற சொல்லும் ஆவலை வளர்ப்பதற்கென்றே கணக்குப் பார்த்துச் செய்யப்படுபவை. எனவே அந்த ஆவல் முழுக்கவும் தானாக முளைத்தது என்று நாம் சாதிக்க மாட்டோம்.

நமக்குள்ள குறை வேறொன்று. கலிபோர்னியாவின் சிறு கடைத்தெருக்களில் டோநட் கடை இல்லாத இடம் அரிது. அவற்றுள் மிகப் பலவற்றை நடத்துவோர் கம்போடியர்கள். 1975-இல் தம் நாட்டிலிருந்து தப்பி அகதியாக வந்த டெட் நொய் என்பவர் 1977-இல் முதல் கடையை வாங்கி, தமக்குப் பின் வந்த அகதிக் குடும்பங்களுக்கும் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். விடியுமுன் அடுப்பு மூட்டி, வெயில் ஏறுவதற்குள் பாதி வணிகத்தை முடித்துவிடும் குடும்பங்கள் அவை. அவர்களுக்காக யாரும் கண்ணாடியில் எட்டிப் பார்ப்பதில்லை. புதிய கடை திறந்த அன்று தெருமுனை வரை வரிசை நிற்கும். மூன்றாம் மாதம் அங்கும் காற்று வாங்கும். கூட்டம் அடுத்த மஞ்சள் தாளைத் தேடிப் போயிருக்கும். காத்திருந்தவர்கள் காத்திருந்ததற்கு உண்மையாக இருப்பதில்லை. பெரியவர் கண்டித்திருக்க வேண்டியது ஒன்று உண்டானால் அது இதுதான். அதைக் கண்டிக்கவும் கடை திறந்து மூன்று மாதமாவது பொறுத்திருக்க வேண்டும். அவரோ திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்.

இவ்வளவும் பேசியபின், மகளுக்கே நாம் எழுதிக் கேட்டோம். மறுமொழி வந்தது. அந்தக் குடியிருப்பில் அவர்கள் நான்கு ஆண்டுகளாக இருக்கிறார்கள். மாடியில் ஒரு பிலிப்பினோ மூதாட்டி, எதிர்வீட்டில் மெக்சிகோக் குடும்பம், பக்கத்தில் கொரிய மாணவர்கள் இருவர். துணி துவைக்கும் பொது அறையில் ஒருவரையொருவர் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. மஞ்சள் தாள் ஒட்டிய பிறகுதான் அந்த மூதாட்டி முதன்முதலாக வாய் திறந்து, "எப்போது திறக்கிறார்களாம்?" என்று கேட்டாராம். பிள்ளைகள் தாம் இடுக்கு வழியே கண்டதையெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரரும் கேட்டாராம். கிறிஸ்து பிறப்பு விழாவன்று மூதாட்டி தம் கையால் செய்த அரிசி அப்பத்தை வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். "அப்பாவிடம் அன்றைக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். கடையில் ஆரம்பித்தேன், அவர் கடையிலேயே நிறுத்திவிட்டார்" என்று எழுதியிருந்தாள். குறையாக எழுதவில்லை.

இந்தக் கடிதத்தைப் பெரியவரிடம் படித்துக் காட்டினோம். இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். வாழையிலை அங்கே கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

கடை இதற்குள் திறந்திருக்க வேண்டும். மகள் கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை, கேட்க வேண்டியவர் வேறொருவர் என்பதால். இதை எழுதி முடிக்கும் இன்று சனிக்கிழமை. நாளை இரவு ஒன்பது மணிக்கு அவர் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும்.