இரவல் மீசை

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் சில்லறைச் சண்டை வந்தால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கண்டக்டர் மலையாளத்தில் தொடங்குவார். பயணி தமிழில் பதில் சொல்வார். இருவருக்கும் இரண்டு பாஷையும் புரியும் என்பதால் அதுவரை சிக்கல் இல்லை. சூடு பிடித்த பிறகுதான் வேடிக்கை. கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்து, வீட்டில் 'ஏனுங்க, சொல்லுங்க' என்று பேசும் பையனின் குரல் சட்டென்று ஒரு கட்டை இறங்கும். "என்னய்யா, ஓவராப் பேசுறாய்ங்க?" என்பான். மதுரைப் பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். 'ஆய்ங்க' என்பது படர்க்கைப் பன்மை. எங்கோ இருக்கும் பல பேரைக் குறிப்பது. எதிரே நிற்கும் ஒற்றைக் கண்டக்டரை அதை வைத்து மிரட்ட இலக்கணத்தில் இடமில்லை. நல்லவேளையாகக் கண்டக்டருக்கும் அந்த இலக்கணம் தெரியாது. மிரட்டல் பலித்துவிடுகிறது.

அவன் ஏன் மதுரையிடம் கடன் வாங்க வேண்டும்? சொந்தக் கையிருப்பில் சரக்கு இல்லை. சித்தூர் தாலுகாவின் தமிழ் கொங்குத் தமிழோடு ஒட்டியது. ஒருவனைத் திட்டுவதானாலும் அதில் 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். 'உதைச்சுப்போடுவனுங்க' என்றால் யார் பயப்படப் போகிறார்கள்? 1956 நவம்பர் 1-ம் தேதி, மதராஸ் ராஜ்ஜியத்தில் இருந்த பாலக்காடும் பழைய கொச்சி சமஸ்தானத்துச் சித்தூரும் கேரளத்துக்குள் சேர்ந்தன. வாளையாறில், கோபாலபுரத்தில் லாரிகளை நிறுத்தி சரக்கைச் சோதித்தார்கள். 'ஏனுங்க' மட்டும் எந்தச் சோதனையும் இல்லாமல் இரு பக்கமும் போய்வந்தது.

பாலக்காட்டு அக்கிரகாரத் தமிழின் கதை இன்னும் பரிதாபம். வாக்கியத்தை 'ஆக்கும்' என்று இழுத்து முடிக்கும் அந்த ராகத்தைத் தமிழ் சினிமா அப்பாவிகளுக்கென்றே ஒதுக்கிவிட்டது. 1990-ல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கமல்ஹாசனுக்கு நான்கு வேடங்கள். அவற்றில் சமையற்காரர் காமேஸ்வரனுக்குத்தான் பாலக்காட்டுப் பேச்சு. யார் குரலை உயர்த்தினாலும் வெலவெலத்துப் போகும் பிறவி. 2004-ல் அதே கமல் 'விருமாண்டி'யாக மதுரை வட்டாரப் பேச்சோடு காளையை அடக்க இறங்கினார். தொண்டை ஒன்றுதான். உச்சரிப்பை மாற்றினால் ஆளே மாறிவிடலாம் என்பதற்கு இதைவிடச் செலவு குறைந்த செயல்முறை விளக்கம் ரசிகனுக்குக் கிடைக்காது.

அதே 2004-ல் 'கில்லி' படத்தில் மதுரையைக் கலக்கும் முத்துப்பாண்டியாக வந்த பிரகாஷ்ராஜ், பெங்களூர்க்காரர். 2007-ல் 'பருத்திவீரன்' ஆன கார்த்தி, சென்னையில் வளர்ந்து அமெரிக்காவில் இன்ஜினியரிங் மேல்படிப்பு முடித்தவர். நடிகர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் தொழில் அது. படம் முடிந்ததும் அவர்கள் அந்தப் பேச்சைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ரசிகன்தான் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். இதற்கிடையே மதுரையில் மல்லிகைப்பூ விற்கும் பாட்டியும் அதே 'ஆய்ங்க'வில்தான் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்து யாரும் அரண்டதாகத் தகவல் இல்லை.

இந்தக் கணக்கில் அடங்காத ஒருவரும் பாலக்காட்டோடு சம்பந்தப்பட்டவர்தான். எம்.ஜி.ஆரின் குடும்ப வேர் அந்த மாவட்டத்து வடவன்னூரில் இருக்கிறது. 1967 ஜனவரி 12-ம் தேதி எம்.ஆர். ராதாவின் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்த பிறகு அவர் பேச்சு குழறியது. வேறு குரலை இரவல் வாங்காமல் அந்தக் குரலிலேயே மேலும் பத்தாண்டு வீரர் வேடம் கட்டினார். தியேட்டரில் விசில் குறையவில்லை.

மலையாளிகள் இந்த வியாபாரத்தில் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பேசும் மலையாளம் நெடுங்காலம் சிரிப்பு நடிகர்களின் சொத்தாக இருந்தது. 2005-ல் 'ராஜமாணிக்யம்' படத்தில் மம்மூட்டி அதைப் பேசினார். பெல்லாரியில் வளர்ந்த மாட்டு வியாபாரியின் வேடம். பேச்சைச் சரிசெய்ய மிமிக்ரி கலைஞர் சுராஜ் வெஞ்ஞாறமூடு உதவினார். நேற்றுவரை கேலிக்குரியதாக இருந்த உச்சரிப்பு ஒரே படத்தில் சண்டியர் உச்சரிப்பாகப் பதவி உயர்வு பெற்றது. 2024-ல் 'ஆவேசம்'. ஃபகத் ஃபாசில் நடித்த ரங்கா, பெங்களூர் ரௌடி; மலையாளத்தில் கன்னடம் கலந்து பேசுபவன். சீனியர்களிடம் அடி வாங்கிய மூன்று கல்லூரிப் பையன்கள், அடிப்பதற்கு ஆள் தேடி அவனிடம் போய்ச் சேர்வதுதான் கதை. படத்தைப் பார்த்த பையன்கள் 'எடா மோனே' என்று அவன் குரலில் பேசிக்கொண்டு திரிந்தார்கள். அடியாளை இரவல் வாங்கிய கதையிலிருந்து அடியாளின் குரலை இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

இது நம்மூர் வியாதி மட்டும் அல்ல. பீட்டர் ட்ரட்ஜில் என்ற மொழியியலாளர் இங்கிலாந்தின் நாரிச் நகரத்தில் செய்த ஆய்வு 1972-ல் வெளியானது. சில சொற்களை எப்படி உச்சரிப்பீர்கள் என்று மக்களிடம் கேட்டு, அவர்கள் நிஜமாகப் பேசிய ஒலிப்பதிவோடு ஒப்பிட்டார். பெண்களில் பலர் தாங்கள் பேசியதைவிட நாகரிகமாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆண்களில் பலர் நேர்மாறு. படித்தவர் பேச்சைப் பேசிவிட்டு, தொழிலாளியின் கொச்சையைப் பேசுவதாகச் சாதித்தார்கள். உடலுழைப்பின் கரடுமுரடில் ஆண்மை இருப்பதாக ஒரு நினைப்பு. அந்த உழைப்பைச் செய்பவனுக்கு என்ன நினைப்பு என்பது வேறு விஷயம்.

அதைத் தெரிந்துகொள்ள இடுக்கிக்கு ஏற வேண்டும். சித்தூர்ப் பையன் தூரத்திலிருந்து கடன் வாங்கும் பேச்சு தேவிகுளம், மூணாறு, பீர்மேடு எஸ்டேட்டுகளில் அடுப்படிப் பேச்சு. 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கங்காணிகள் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து போடி, கம்பம் வழியாக ஆள் பிடித்து வந்தார்கள். வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்னும் 'அங்கிட்டு, இங்கிட்டு' என்றுதான் கொழுந்து கிள்ளுகிறார்கள். அதே மலையில் கோட்டயம், பாலா பக்கத்திலிருந்து குடியேறிய விவசாயிகளின் மலையாளம். அதுவும் சினிமாவில் முறுக்குக்குப் பெயர்போனது. மம்மூட்டியின் 'கோட்டயம் குஞ்ஞச்சன்' (1990), சுரேஷ் கோபியின் 'லேலம்' (1997) என்று உதாரணங்கள் உண்டு. ஆக, வெள்ளித்திரையில் இரு மாநிலங்களையும் நடுங்க வைக்கும் இரண்டு பேச்சுகள் இடுக்கியில் அக்கம்பக்கமாக ஏலக்காய் விலையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

நிஜமான பயம் வந்த நாட்களில் யாரும் உச்சரிப்பைக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றி, குமுளியில் போக்குவரத்து நின்றது. தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் தேனி மாவட்டத்துக்குத் தப்பி ஓடினார்கள். தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. வாயைத் திறந்தால் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும் என்பதே அப்போது ஆபத்து.

பிறகு 2015 செப்டம்பர் வந்தது. மூணாறில் கண்ணன் தேவன் தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையைப் போட்டுவிட்டு ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். போனஸைப் பாதியாகக் குறைத்திருந்தது கம்பெனி. பழையபடி 20 சதவீதம் வேண்டும், தினக்கூலி 232 ரூபாயை 500 ஆக்க வேண்டும் என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. 'பெண்களின் ஒற்றுமை' என்பதை மலையாளத்தில் 'பெம்பிளை ஒருமை' என்று பெயராக வைத்துக்கொண்டார்கள், பேசியதெல்லாம் தமிழில். தலைவர்களின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் மீடியம், எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் மீடியமா என்று கோஷம் போட்டார்கள். கேரளத்தில் 'பாண்டி' என்று ஏளனம் செய்யப்படும் அதே தமிழ், ஒன்பது நாட்கள் மலையாளச் சேனல்களில் நேரடி ஒளிபரப்பானது. எஸ்டேட் லயத்தில் பேசுவதைத்தான் மைக்கிலும் பேசினார்கள்; குரலைக் கட்டையாக்கவில்லை, யாரையும் நடித்துக் காட்டவும் இல்லை. செப்டம்பர் 13-ம் தேதி 91 வயது அச்சுதானந்தன் வந்து அவர்களோடு உட்கார்ந்தார். அன்று இரவு போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. கூலி 500 ஆகவில்லை. அடுத்த மாதம் 301 ரூபாயில் முடிந்தது.

2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம். மணி ஒரு கூட்டத்தில் இந்தப் பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சு, அவர்களின் ஒழுக்கத்தைக் கொச்சைப்படுத்துவதாகப் பெரிய ரகளையானது. மணியாசான் என்று அழைக்கப்படும் அவர் கோட்டயம் மாவட்டத்தில் பிறந்து மலையேறி வந்த குடும்பத்தவர். அவர் பேச்சு இரவல் அல்ல, அசல்தான். சட்டசபையில் முதல்வர் பினராயி விஜயன் அதை நாட்டுப்புறப் பேச்சு பாணி என்று விளக்கினார். போலி உச்சரிப்பைக்கூட மன்னித்துவிடலாம். இப்படிக் கேடயமாக்கப்பட்ட அசல் உச்சரிப்பை என்ன செய்வது? அந்தப் பெண்களின் பேச்சும் அதே மலையின் நாட்டுப்புறப் பேச்சுதான். அமைச்சரைக் கட்சி பகிரங்கமாகக் கண்டித்தது. அவரும் வருத்தம் தெரிவித்தார். கோமதி உள்ளிட்ட பெண்கள் அதை ஏற்கவில்லை. மூணாறுக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரோட்டோரத்தில் பந்தல் போட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர் வரவில்லை.