புள்ளியும் வினாவும்



மலேசியக் கல்வித் தர மதிப்பீட்டின் இரண்டாம் அலை 2017இல் நம் பள்ளிகளுக்கு வந்தது. வகுப்பறைக் கண்காணிப்பில் ஆசிரியரின் கற்பித்தலை 0 முதல் 4 வரை புள்ளியிடும் முறை அதில் உண்டு. புள்ளி வேண்டாம் என்று கூறேன். ஆயினும், ‘3’ என்று எழுதிய தாளைக் கண்டு எந்த மொழியாசிரியரும் சிந்தனையில் ஆழ்ந்ததாக நான் அறியேன். தாள் கோப்பினுள் போகும், அவ்வளவுதான்.

சிந்திக்கத் தூண்டுவது வினா. நானறிந்த ஐந்தாம் ஆண்டு வகுப்பொன்றில் வலிமிகும் இடங்கள் பாடம். பின்வரிசையில் அமர்ந்திருந்த துணைத் தலைமையாசிரியர், ஆசிரியையின் வினாக்களையும் மாணவர்களின் விடைகளையும் அப்படியே எழுதிக்கொண்டார். பள்ளி முடிந்ததும் தாளை ஆசிரியையிடமே கொடுத்து, “இதில் பிள்ளைகளின் தமிழ் எங்கே இருக்கிறது, டீச்சர்?” என்று கேட்டார். ‘மிகும்’, ‘மிகாது’, ‘ஆம்’. பெரும்பாலும் ஒற்றைச் சொற்கள். மறுவாரம், ஏன் மிகும் என்பதை மாணவர்களே ஒருவருக்கொருவர் விளக்கும்படி அவ்வாசிரியை பாடத்தை மாற்றியமைத்தார். மாற்றும்படி யாரும் சொல்லவில்லை.

இவ்வுரையாடல் அன்றே நிகழ வேண்டும். மூன்று வாரம் கழித்து வரும் குறிப்பு ஆறின கஞ்சி. துணைத் தலைமையாசிரியர்களுக்கும் பாடவேளைகள் உண்டு, கூட்டங்கள் வேறு! ஆகவே, கண்காணிப்பு அட்டவணையிலேயே உரையாடலுக்கென ஒரு பாடவேளையை ஒதுக்குமாறு தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.