சியாட்டிலின் ஏழு பேர்

1943இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் ஓர் உருளையில் செலோஃபேன் குழாயைச் சுற்றினார். சாசேஜுக்கு உறையாகப் பயன்பட்ட பொருள் அது. குழாய்க்குள் சிறுநீரகம் செயலிழந்த நோயாளியின் ரத்தம், வெளியே தொட்டியில் உப்புக் கரைசல். ரத்தத்தில் மிகுந்திருக்கும் யூரியா நுண்துளைகள் வழியே கரைசலுக்குள் போய்விடும்; ரத்த அணுக்களும் புரதமும் பெரியவை என்பதால் உள்ளேயே தங்கும். இன்றைய டயாலிசிஸுக்கும் அடிப்படை அதுதான். பொதுவாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். சிறுநீரகம் இரவு பகலாகச் செய்த வேலையை இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டியிருப்பதால்தான் நோயாளி துவண்டுபோகிறார். மற்ற நாட்களில் குடிக்கும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீருக்கும் கணக்கு வைக்கிறார்.

கோல்ஃபிடம் முதலில் வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். 1945இல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயைப் புதிதாக வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், சிறுநீரகம் தற்காலிகமாக நின்றவர்களுக்கே அந்தக் கருவி உதவியது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், நோயாளியின் கையிலேயே விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். சில வாரங்களில் இறந்திருக்க வேண்டியவர்கள் வருடக்கணக்கில் வாழத் தொடங்கினார்கள்.

இயந்திரங்களோ சில மட்டுமே. யாருக்குக் கொடுப்பது? ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஓர் இல்லத்தரசி, ஒரு வங்கியாளர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அரசு அதிகாரி, ஓர் அறுவை மருத்துவர் என ஏழு பேர் கூடி முடிவு செய்தார்கள். வயது, வருமானம், பிள்ளைகள் எத்தனை, தேவாலயத்துக்குப் போகிறவரா என்பதெல்லாம் பேசப்பட்டது. 1962இல் லைஃப் இதழ் இதை எழுதியபோது அமெரிக்கா அதிர்ந்தது. அந்த ஏழு பேரைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வு நடக்கிறது என்பதையாவது அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1972இல் வந்த சட்டம், ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் செலவையும் அரசின் பொறுப்பாக்கியது.

இந்தியாவில் அப்படியொரு குழு கூட வேண்டியிருக்கவில்லை. பணமும் தூரமுமே தேர்ந்தெடுத்தன. 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை என்றது. பெரிய காரியம் அது. ஆனால் வாரம் மூன்று நாள் பஸ் செலவும், நோயாளியோடு துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும் இன்னும் குடும்பத்தின் தலையில்தான். அவற்றையும் சிகிச்சைச் செலவாகவே அரசு ஏற்க வேண்டும்.