விரல் பிசகினால் இழுக்காதீர், முடக்காதீர்

தியாகராயநகர் சோமசுந்தரம் மைதானத்தில் பந்து பட்டு விரல் மூட்டு விலகினால், அருகில் நிற்பவர் இழுத்துவிடுவதும், பின்னர் வாரக்கணக்கில் இறுகக் கட்டிவைப்பதும் இன்றும் வழக்கமாக உள்ளன. இரண்டும் தவறு என்றே நாங்கள் கருதுகிறோம். மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிட்டு, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். எலும்பு முறிந்துள்ளதா என்பதை எக்ஸ்ரேயே காட்டும். மூட்டைச் சரியான இடத்தில் அமர்த்திய பின், முறிவின்றி அது உறுதியாக இருந்தால், பக்கத்து விரலோடு பிளாஸ்திரியால் சேர்த்து ஒட்டி, மருத்துவர் சொல்லும் அளவில் சில நாட்களிலேயே மடக்கி நீட்டத் தொடங்கலாம். வீக்கம் மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். அதற்கு அஞ்சிப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். மயிலாப்பூரில் வீணை மீட்டும் விரலாயினும், அடையாற்றில் பூத்தொடுக்கும் விரலாயினும், நாளடைவில் அடங்கும் வலியைவிட நிலைத்துவிடும் விறைப்பே பெரும் பகை.