பல் போகுமுன் வரும் கை

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் எமது ஊர்ப் பெரியோர். ஆயினும் பல்லுக்கொதி வந்து இரவு நித்திரை குலைந்த பின்னரே பல் வைத்தியரைத் தேடிச் செல்வது எம்மவர் வழக்கம். இவ்வழக்கத்தைப் புலம்பெயர்ந்த நாட்டிற்கும் நாம் உடன் கொண்டு வந்துவிட்டோம். நோ வந்தபின் செய்வது வைத்தியம். நோ வராமற் காப்பதற்கென்றே கனடாவில் தனியொரு தொழில் உண்டு. அத்தொழிலில் எமது பிள்ளைகளும் கால் பதிக்க வேண்டும் என்பதையே இங்கு வலியுறுத்த விரும்புகிறோம்.

டென்ரல் ஹைஜினிஸ்ட் எனப்படும் பற்சுகாதாரவியலாளரே அத்தொழிலுக்கு உரியவர். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் அல்பிரட் ஃபோன்ஸ் என்ற பல் வைத்தியர் 1906 இல் தமது உதவியாளரான ஐரின் நியூமனுக்குப் பற்களைத் துப்புரவு செய்யப் பயிற்சி அளித்தார். 1913 இல் இதற்கெனப் பயிற்சிப் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார். அங்கு பயின்ற பெண்கள் பலர் அந்நகரப் பாடசாலைப் பிள்ளைகளிடம் அனுப்பப்பட்டனர். துப்புரவு செய்வதோடு நில்லாது, கற்பிப்பதும் இத்தொழிலின் பிறப்பிலேயே இருந்தது.

இதனை அறியாத எம்மவர் சிலர், "பல்லு மினுக்கும் வேலைதானே" என்று ஏளனமாகப் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். உண்மை வேறு. நோயாளியின் உடல்நிலையையும் அவர் உட்கொள்ளும் மருந்துகளையும் விசாரித்து அறிதல், பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை மில்லிமீற்றர் கணக்கில் அளத்தல், தூரிகைக்கு அசையாத பற்காறையை முரசின் அடிவரை சென்று அகற்றுதல், வாயினுள் சந்தேகத்திற்குரிய புண்ணோ வெண்படலமோ உண்டா எனப் பார்த்தல் ஆகியன அவரது அன்றாடக் கடமைகள். பல் வைத்தியருக்கு அருகில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் வேறு, இவர் வேறு.

இப்பணியில் தமிழ் பேசுவோர் இருப்பது ஏன் அவசியம்? நீரிழிவு எமது வீடுகளில் அழையா விருந்தாளியாகக் குடியிருக்கிறது. நீரிழிவு முரசு நோயை வளர்க்கும். முரசு நோய் முற்றினால் இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். புகையிலை சேராவிடினும் பாக்கு புற்றுநோயை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் தெளிவாக வகைப்படுத்தியுள்ளது. வெற்றிலைத் தட்டத்தோடு வாழ்ந்த ஒரு தாய்க்கு இதனை யார் எடுத்துரைப்பது? ஆங்கிலத்தில் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் அதைச் செய்யாது. "அம்மா, இந்த இடத்தில் இரத்தம் கசிகிறது, பாருங்கோ" என்று அவரது மொழியிலேயே சொல்லும் ஒரு பிள்ளையால் முடியும்.

கற்கும் வழியும் எட்டாதது அன்று. ஒன்ராறியோவில் உயர்தரப் பாடசாலையில் உயிரியல், இரசாயனவியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் நல்ல புள்ளிகள் பெற்றவர் கல்லூரியில் டிப்ளோமாக் கல்வியைத் தொடரலாம். பின்னர் தேசிய தகுதிப் பரீட்சையில் சித்தியடைந்து, ஒன்ராறியோ பற்சுகாதாரவியலாளர் கல்லூரி எனும் ஒழுங்காற்று அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். 1991 ஆம் ஆண்டுச் சட்டம் 1993 இன் இறுதியில் நடைமுறைக்கு வந்தது முதல் இத்தொழிலோர் தம்மைத் தாமே ஒழுங்காற்றி வருகின்றனர். 2007 முதல், உரிய தகுதி பெற்றோர் பல் வைத்தியரின் கட்டளை இன்றியே பற்காறை அகற்றவும், சொந்த நிலையம் நடத்தவும் வழி பிறந்தது. நோய் நிர்ணயம் செய்வதும் பல் பிடுங்குவதும் பல் வைத்தியருக்கே உரியன என்பதையும் மறத்தல் ஆகாது.

கஷ்டங்களையும் மறைத்தல் தகாது. நாள் முழுவதும் குனிந்து நுண்ணிய வேலை செய்வதால் கழுத்தும் முதுகும் மணிக்கட்டும் நோவெடுக்கும். ஆரம்பத்தில் முழுநேர வேலை கிட்டாது, இரண்டு மூன்று இடங்களில் பகுதிநேரமாக உழைக்க நேரிடலாம். தனியார் கல்லூரிகளின் கட்டணம் கனதியானது. அக்கல்வி கனடாவின் பல் மருத்துவக் கல்வி அங்கீகார ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா எனப் பணம் கட்டுமுன் விசாரித்துக் கொள்ளுங்கள்.

2024 மே மாதம் கனேடிய மத்திய அரசின் பற்பராமரிப்புத் திட்டத்தின் கீழ் சிகிச்சைகள் ஆரம்பித்தபோது, காப்புறுதி இல்லாத முதியோருக்கே முதலில் கதவு திறந்தது. அக்கதவருகே தமிழில் வரவேற்கப் போதிய பேர் எம்மிடம் உளரா?

வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு நாற்காலிகளை மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்டும் பெற்றோரே, மூன்றாவது நாற்காலி ஒன்றும் உண்டு. அதில் அமரும் பிள்ளை, எமது முதியோர் கடைசிவரை வாய் நிறையச் சிரிக்கவும் வயிறாரச் சாப்பிடவும் வழி செய்யும் பிள்ளை. அதனைத் தாழ்வென்று எண்ணுவதை இன்றே கைவிடுவோம்.