சிறுநீரை அளப்பது இழிதொழிலா?

நம்மவர் கொடைக்குப் பின்னிற்பவரல்லர். வைத்தியசாலைக்கு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் வேண்டுமெனின் உள்ளூரிலும் கடல் கடந்தும் பணம் திரள்கின்றது. திறப்பு விழாவும் நடக்கின்றது. நன்று. ஆனால், நோயாளி அவ்வியந்திரத்தண்டை வந்துசேருமுன் கழிந்த இரண்டு மூன்று நாட்களை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்?

சிறுநீரகம் திடீரெனப் பழுதுறுவதற்கு வறிய நாடுகளில் வாயில்கள் பல: வயிற்றோட்டம், கண்ணாடிப் புடையன் கடி, பிள்ளைப்பேற்றுக் குருதிப்பெருக்கு, எலிக்காய்ச்சல். 2008 இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் கண்டதாகப் பதிவாயிற்று. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலும் அது உயிர்களைக் கொண்டுபோயிற்று. காலத்தோடு கண்டுகொண்டால், இழந்த நீரை ஈடுசெய்தும், உரிய மருந்தூட்டியும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் நோவு மாத்திரைகளை நிறுத்தியும் பலரை இயந்திரமின்றியே காக்கலாம்.

காண்பது எங்ஙனம்? குருதியிற் கிரியற்றினின் என்னும் கழிவுப்பொருளை அளப்பர். அதுவோ சிறுநீரகம் அடிபட்ட பின்னரே மெல்ல உயர்வது. முதல்நாட் சோதனையை மட்டும் நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்புதல் தகாது. 2012 இல் வகுக்கப்பட்ட உலக நெறி இன்னோர் அளவையும் தருகின்றது. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு அரை மில்லிலீற்றருக்குக் குறைவாக, தொடர்ந்து 6 மணித்தியாலம் சிறுநீர் பிரியின் அது அபாய அறிகுறி. 60 கிலோ நிறையுடையவருக்கு இது 180 மில்லிலீற்றர். ஏறக்குறைய ஒரு தேநீர்க் கோப்பை. இதனை அறிய வேண்டுவன அளவு கீறிய ஒரு சாடியும், ஒரு தாளும், பேனாவுமே.

ஆயினும் இரவிலே தனித்த ஒரு தாதி விடுதி முழுவதையும் பார்க்க நேர்ந்தால், முதலிற் கைவிடப்படுவது அந்தத் தாள்தான். நோயாளியும் லேசுப்பட்டவரல்லர். “சலம் போனதோ?” என்று கேட்டால், நாணத்தால் “ஓம்” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்! எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை.

சாடி ஒன்றே போதுமென்று நான் வாதாடவில்லை. எலிக்காய்ச்சலிற் சிறுநீர் குறையாமலே சிறுநீரகம் கெடுவதுண்டு. ஆதலின் சிறிய பிரதேச வைத்தியசாலையிலும் கிரியற்றினின் சோதனையை மறுநாளும் அதற்கடுத்த நாளும் செய்ய வசதி வேண்டும். ஓர் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிடின் இச்செலவு அற்பம்.

தடுக்கக்கூடிய இத்தகைய மரணம் 2025 இன் பின் ஒன்றேனும் நிகழலாகாதென 2013 இல் உலகச் சிறுநீரக வைத்தியர் சங்கம் இலக்கு வகுத்தது. அவ்வாண்டும் வந்துவிட்டது, மரணங்கள் நிற்கவில்லை. அடுத்த முறை நிதி திரட்டுவோர் இயந்திரத்தோடு இரவுத் தாதியர் தொகையையும் சோதனைச்சாலையையும் பற்றிச் சுகாதாரப் பகுதியினரிடம் கேட்பார்களாக. ஆசிரியர்களும், வயலில் நின்று காய்ச்சலோடு திரும்பிய தந்தைக்குச் சிறுநீர் எவ்வளவு போகின்றதெனக் கேட்க மாணவரைக் கூச்சமின்றிப் பழக்கலாம்.